பவளத்தின் பக்கம்

ஸ்ரீரங்கம்
15-6-1958

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை ரங்கநாயகி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் இங்கே வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. முசிறியில் நீங்களும் அண்ணியும் பவளமும் சுகமாக இருக்கிறீர்களா?

குருகுலம் அம்மா மண்டபத்துக்கு மேற்கே, காவேரியை ஒட்டிய தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. நாற்பது பெண் பிள்ளைகள், நான்கு ஆசிரியைகள். எல்லோரும் இங்கேயே தங்கி, ஒரே பந்தியில் சாப்பிட்டு, ஒன்றாக இருக்க வேண்டும். நடத்துகிறவர் செங்கமலம் அம்மாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பிரம்பு கிடையாது, மதிப்பெண் கிடையாது. காலையில் பிள்ளைகள் குளித்து வந்ததும் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, மூச்சு ஏறி இறங்குவதைப் பத்து நிமிஷம் கவனிக்க வேண்டும். அதற்கு முன்பே ஆசிரியைகள் அரை மணி நேரம் அப்படி உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். "வாத்தியார் மனசு சந்தைக்கடையா இருந்தா கொழந்தேள் எங்கே போய் அமைதியைக் கத்துக்கும்" என்கிறார்.

ட்ரெய்னிங் படித்த இரண்டு வருஷமும் லீவு விட்டால்தான் பவளத்தைப் பார்த்தேன். இங்கே அதுவும் இல்லை. முதல் வருஷம் ஆசிரியை வாசலைத் தாண்டக் கூடாது. அடுத்த மே மாதம்தான் லீவு. ஆசிரியைகளின் சொந்தப் பிள்ளைகளைச் சேர்ப்பதும் வழக்கம் இல்லை. பெற்றவளுக்குத் தன் பிள்ளை மேல் கண் போய்விடும், மற்ற முப்பத்தொன்பதும் தெரியாமல் போகும் என்பது அம்மாளின் எண்ணம். தெரிந்துதான் சம்மதித்தேன். மூன்று வயதில் அப்பாவைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவளுக்கு அம்மா ஒருத்தியாவது சொந்தக் காலில் நிற்க வேண்டாமா?

ஒரு வழி இருக்கிறது. மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை உறவினர்கள் வந்து பார்க்கலாம். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தானே. இந்த மாதமே பவளத்தை அழைத்து வாருங்கள். அண்ணியை மிகவும் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் தங்கை,
ரங்கநாயகி


முசிறி
9-7-1958

தங்கை ரங்கநாயகிக்கு அண்ணன் செல்லக்கண்ணு எழுதுவது. இவ்விடம் நாங்கள் யாவரும் நலம். உன் நலத்துக்கு எழுதவும்.

நிற்க. உன் கடிதம் கிடைத்தது. போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வர முடியவில்லை. வாழைக் கன்று நடவு. ஆள் கிடைக்கும் நாளில் விட்டால் பிறகு கிடைக்காது. இந்த மாதமும் முறைத் தண்ணீர் எங்களுக்கு ஞாயிறன்றே வருகிறது. பார்க்கலாம்.

பவளம் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். போன வருஷத்துப் பாவாடை இரண்டு விரல்கடை ஏறிவிட்டது. உன் அண்ணி பார்த்துக்கொள்கிறாள். நீ கவலைப்படாமல் வேலையைப் பார்.

இப்படிக்கு,
செல்லக்கண்ணு


ஸ்ரீரங்கம்
5-8-1958

அன்புள்ள அண்ணனுக்கு ரங்கநாயகி வணக்கம். நான் நலம். அங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

பதினெட்டாம் பெருக்குக்குக் காவேரி படி முட்ட ஓடியது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் காட்டினோம். அதற்கு முந்தின ஞாயிறு, வாசல் வேப்ப மரத்தடியில் மாலை வரை உட்கார்ந்திருந்தேன். மற்றவர்களுக்கு யாராவது வந்தார்கள். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்காரர் ஒருவர் தன் பெண்ணோடு என்னையும் உட்கார்த்தி வைத்து அதிரசம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

என் பொறுப்பில் பத்துப் பிள்ளைகள். அதில் துவாக்குடியிலிருந்து வந்த மரகதம் ஓர் இடத்தில் நிற்க மாட்டாள். பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுவாள், அடிப்பாள். மூச்சைக் கவனிக்க உட்காரச் சொன்னால் எழுந்து ஓடுவாள். அம்மாளிடம் போய்ச் சொன்னேன். "உக்காருன்னு சொல்லாதே. நாலு குடம் தண்ணி எறைக்கச் சொல்லு. துடிக்கற கொழந்தைக்கு முதல்ல வேலை, மந்தமா இருக்கற கொழந்தைக்கு முதல்ல விளையாட்டு. உடம்பு ஒரு நிலைக்கு வந்தா மூச்சு வரும், மூச்சு வந்தா மனசு வரும்" என்றார். அப்படியே செய்கிறேன். மரகதம் இப்போது இரண்டு நிமிஷம் உட்காருகிறாள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுத வேண்டும். மரகதத்தின் பக்கத்தில் 'அடங்காதவள்' என்று எழுதியிருந்தேன். அம்மாள் அதை அடித்துவிட்டு, "இது நீ பாத்தது இல்லே, நீ நெனச்சது. பாத்ததை எழுது" என்றார். அன்று முதல் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். எழுத எழுத எனக்கே அந்தப் பெண்கள் வேறு மாதிரி தெரிகிறார்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பவளத்தின் பெயரை எழுதி வைத்தேன், அண்ணா. கீழே எழுத ஒன்றும் வரவில்லை. அவள் எதைப் பார்த்துச் சிரிக்கிறாள், எதற்குப் பயப்படுகிறாள், என்ன கேட்கிறாள்? ஒவ்வொரு கடிதத்திலும் இரண்டு வரி எழுதினால் போதும். என்னைப் பற்றி ஏதாவது கேட்டால் அதையும்.

ரங்கநாயகி


ஸ்ரீரங்கம்
14-12-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமறிய மிகவும் ஆவல்.

புரட்டாசியில் 'யாவரும் நலம், மழை உண்டு' என்று ஒரு கார்டு போட்டீர்கள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு ஆள் மூலம் அனுப்பிய பாவாடைத் துணி வந்ததா? நவம்பரில் இரண்டு கடிதம் எழுதினேன். கடைசி ஞாயிறுகளில் இப்போதெல்லாம் நான் வாசலுக்குப் போவதில்லை. வகுப்பைப் பெருக்கிக்கொண்டிருப்பேன்.

இங்கே பிள்ளைகள் எங்களை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். போன வாரம் மரகதம் தூக்கக் கலக்கத்தில் என்னை அம்மா என்றாள். அவளுக்கு அம்மா இல்லை. நான் பதில் சொல்லாமல் போர்வையை இழுத்துவிட்டுப் போய்விட்டேன். சரியா, தப்பா என்று தெரியவில்லை. அம்மாளிடமும் கேட்கவில்லை. நாற்பது பேர் சத்தம் காலையிலிருந்து காதில் இருக்கிறது. ஆனாலும் பேச ஆளில்லாத மாதிரி இருக்கிறது.

ஒரு கார்டாவது போடுங்கள்.

ரங்கநாயகி


முசிறி
25-1-1959

தங்கை ரங்கநாயகிக்கு அண்ணன் செல்லக்கண்ணு எழுதுவது. நாங்கள் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

நிற்க. கடிதம் போடாததற்கு வருத்தப்படாதே. கார்த்திகையில் அடித்த காற்றில் முந்நூறு வாழை சாய்ந்தது. முட்டுக் கொடுக்கவே நேரம் சரியாக இருந்தது. பொங்கல் நல்லபடி ஆயிற்று. நீ அனுப்பிய துணியில் பாவாடை தைத்துப் பொங்கலன்று பவளம் உடுத்தினாள். போன ஞாயிறு சமயபுரம் போய்ப் பிள்ளைக்கு முடி இறக்கிவிட்டு வந்தோம். கூட்டம் அதிகம். வரும் வழியில் பிள்ளை பஸ்ஸிலேயே தூங்கிவிட்டது.

உன் அண்ணிக்கு முதுகு வலி. மற்றபடி சுகம்.

செல்லக்கண்ணு


ஸ்ரீரங்கம்
29-1-1959

அண்ணனுக்கு,

எட்டு வயதுப் பெண்ணுக்குக் காரணம் இல்லாமல் யாரும் முடி இறக்க மாட்டார்கள். என்ன வேண்டுதல்? யார் வேண்டியது? சமயபுரம் இங்கிருந்து கொள்ளிடம் தாண்டினால் வந்துவிடும். அவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்.

உள்ளது உள்ளபடி எழுதுங்கள். அண்ணியைச் சுகம் கேட்டதாகச் சொல்லவும்.

ரங்கநாயகி


முசிறி
8-2-1959

தங்கைக்கு,

இப்போது எல்லோரும் சுகம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

கார்த்திகை முதல் வாரம் பவளத்துக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் ஆஸ்பத்திரி நர்ஸ் லூர்துராணி பார்த்துவிட்டு விஷக்காய்ச்சல் என்றார். மாப்பிள்ளையைக் கொண்டுபோன அதே காய்ச்சல். இருபத்திரண்டு நாள் இருந்தது. உன் அண்ணி பிள்ளையின் பாயை விட்டு எழவில்லை. முதுகு வலி அதனால்தான். மருந்து வாங்க நான் இரண்டு தடவை திருச்சிக்கு வந்தேன். பஸ் உங்கள் ஊர் வழியாகத்தான் போயிற்று. இறங்கவில்லை.

இன்லண்டு வாங்கி எழுத உட்கார்ந்தேன். உன் அண்ணி பேனாவைப் பிடித்துக்கொண்டாள். "எழுதாதீங்க. எழுதுனா வந்து தூக்கிட்டுப் போயிருவா. மொதல்ல புள்ள பொழைக்கட்டும்" என்றாள். பிழைத்தது. அப்புறமும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு நான் எழுதின காரணம் எதுவும் பொய் இல்லை. ஆனால் அதற்காகத்தான் வரவில்லை என்பதும் இல்லை. ஐப்பசியில் ஒரு ஞாயிறு மூவரும் கிளம்பி பஸ் ஸ்டாண்டு வரை வந்தோம். பஸ் வந்தது. அவள் பிள்ளை கையையும் விடவில்லை, ஏறவும் இல்லை. திரும்பிவிட்டோம். எங்களுக்குப் பிள்ளை ஒன்றும் தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். பிள்ளை அவளை அம்மா என்றுதான் கூப்பிடுகிறது. நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. காய்ச்சல் முற்றின நாளில் அதுவாகக் கூப்பிட்டது. நான் திருத்தவில்லை. தப்பு என்னுடையது. அவளைத் திட்டாதே.

செல்லக்கண்ணு


ஸ்ரீரங்கம்
22-3-1959

அன்புள்ள அண்ணனுக்கு ரங்கநாயகி வணக்கம். நலம்.

இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு காலையில் அம்மாளோடு உட்கார்ந்தால் என் மூச்சு நிலையில் நிற்கவில்லை. ஒரு வாரம் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் நானே போய், வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். காரணம் கேட்டார். கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "கொழந்தைக்குக் காய்ச்சல் கண்டிருக்கு. பத்து மைலோ இருபது மைலோ, நீ இங்கே மத்த கொழந்தேளுக்கு அமைதி சொல்லிக் குடுத்துண்டு இருந்திருக்கே. வாசலைத் தாண்டாதேன்னு சொன்னது நான்தான்" என்றார். பிறகு, "விதியைப் போட்டவளே மாத்தறேன். ஜூன்ல அழைச்சிண்டு வா. உன் வகுப்பிலே மட்டும் வேண்டாம்" என்றார்.

அதனால் மே பத்தாம் தேதி வருகிறேன். ஒரு வாரம் இருந்து பவளத்தை அழைத்துக்கொண்டு திரும்புவேன். அவள் துணிமணிகளைத் தயாராக வைக்கச் சொல்லவும்.

ரங்கநாயகி


முசிறி
12-4-1959

ரங்கநாயகிக்கு அண்ணி பொன்னுத்தாய் சொல்ல, நர்ஸ் லூர்துராணி எழுதுவது.

நல்லா இருக்கியா? நாங்க இருக்கோம். நீ புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போறதா அண்ணன் படிச்சுக் காட்டினாரு. கூட்டிட்டுப் போ. உன் புள்ள. நான் குறுக்க நிக்கல. அங்க நாப்பது புள்ளைங்கள்ல ஒண்ணா இருக்கப் போவுது, அதுக்காகச் சிலது சொல்றேன்.

வெறும் வயித்துல பால் குடிச்சா குமட்டும். ரெண்டு வாய் சோறு தின்ன பின்னாடி குடு. கோவம் வந்தா பேசாது, வாழைக்குள்ள போயி உக்காந்துக்கும். தேடிப் போவாத. அதுவா வந்து 'பசிக்குது'ன்னு சொல்லும். அதான் சமாதானம். கணக்குக்கு வெரல் மடக்கும். பள்ளிக்கூடத்துல திட்டுறாங்க. புளியங்கொட்டையக் கையில குடுத்துட்டா தப்பே வராது. பொய் சொன்னா காது மடல் சிவந்துரும். அதைப் பாத்துக்கிட்டு, பொய்யின்னு சொல்லாத. கொஞ்ச நேரம் சும்மா இருந்தா உண்மையச் சொல்லிரும்.

ஒரு கேள்விய மூணு நாள் கேக்கும். கண்ணுக்குட்டி ஏன் நின்னுக்கிட்டே குடிக்குது, வாழை ஏன் ஒரு தடவதான் தாரு போடுதுன்னு. எனக்கு என்ன தெரியும். 'தெரியலையே, வா பாப்போம்'னு போயி ரெண்டு பேரும் பாப்போம். ஒரே ஒரு தடவ, வேலை அவசரத்துல 'சும்மா இரு'ன்னு சொல்லிட்டேன். பத்து நாள் என்கிட்ட ஒண்ணுமே கேக்கல. அந்தப் பத்து நாள் எனக்குச் சோறு எறங்கல. அங்க யாரும் அப்படிச் சொல்லிராம பாத்துக்க.

காய்ச்சலை மறைச்சதுக்கு என்ன வேணாலும் நினைச்சுக்க.

(இதுவரை அம்மா சொன்னது. நடுவில் மூன்று முறை எழுந்து உள்ளே போய்விட்டு வந்தார்கள். அதை எழுத வேண்டாம் என்றார்கள். — லூர்துராணி)


ஸ்ரீரங்கம்
18-5-1959

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் ரங்கநாயகி வணக்கம். சுகமாக வந்து சேர்ந்தேன்.

நீங்கள் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தபோது, அண்ணி மாட்டுக் கொட்டகையில் இருந்தபோது, முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். பவளம் தூங்கிக்கொண்டிருந்தாள். மாடத்தில் வைத்த சீட்டில் 'பிறகு எழுதுகிறேன்' என்று மட்டும்தான் எழுத முடிந்தது. அவளுக்காக வாங்கி வந்த தகரப் பெட்டி அங்கேயே இருக்கட்டும். புத்தகம் வைத்துக்கொள்வாள்.

அண்ணியின் கடிதத்தை ஏப்ரலிலேயே அம்மாளிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "இவா எந்த ட்ரெய்னிங் ஸ்கூல்லே படிச்சா?" என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாது என்றேன். அப்போதும்கூட நான் மனசை மாற்றிக்கொள்ளவில்லை. எப்படியும் கூட்டி வந்துவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன்.

வாசலில் நுழைந்ததும் பவளம் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து, "வாங்க" என்றாள். விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். பக்கத்தில் உட்காரச் சொன்னால் உட்கார்ந்தாள். குருகுலத்துக்கு வருகிறாயா என்றதற்கு, "சரிங்க" என்றாள். அவ்வளவு நல்ல பெண்ணாக இருந்தாள். அண்ணியோடு இருக்கும்போது அப்படி இல்லை. சண்டை போடுகிறாள், ஓடுகிறாள், கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கொல்லையில் எறும்புப் புற்று ஒன்றை மூன்றாம் நாள் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் குழம்பு தீய்ந்தது. அண்ணி எழுந்திருக்கவில்லை. நான்தான் போய் இறக்கி வைத்தேன்.

ஐந்து நாளில் என்னிடம் அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, அண்ணா.

பிறத்தியார் பிள்ளையாக இருந்தால், இந்தக் குழந்தையை இந்த இடத்திலிருந்து எடுக்காதீர்கள் என்று நானே சொல்லியிருப்பேன். என் பிள்ளை என்பதால் அதைச் சொல்ல எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. அவள் அங்கேயே இருக்கட்டும். அண்ணியை அம்மா என்றே கூப்பிடட்டும். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது. முழுதும் போய்விட்டது என்று எழுதினால் அது பொய்.

ஜூனில் அவளுக்காக வைத்திருந்த இடத்துக்கு வேறொரு பெண் வருகிறாள்.

ரங்கநாயகி


முசிறி
7-6-1959

அன்புள்ள ஸ்ரீரங்கத்து அம்மாவுக்கு பவளம் எழுதுவது. நான் நலம். அம்மா நலம். மாமா நலம். நீங்கள் நலமா?

நான் நாலாம் வகுப்பு வந்துவிட்டேன். இந்தக் கார்டு மாமாவிடம் கேட்டு வாங்கினேன். நானேதான் எழுதுகிறேன்.

நீங்கள் ஏன் சொல்லாமல் போனீர்கள்? பெட்டியை மறந்துவிட்டீர்கள் என்று நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்தேன். பஸ் போய்விட்டது. மாமா வந்து தூக்கிக்கொண்டு போனார். திட்டவில்லை.

உங்கள் கடிதம் வந்தால் மாமா சத்தமாகப் படிப்பார். எல்லாவற்றிலும் என் பெயர் வரும். எனக்கு என்று ஒன்றும் வரவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியும். மரகதம் யார்? இப்போதும் அடிக்கிறாளா? அவளுக்கு அம்மா எங்கே? எப்போது வருவீர்கள்?

இப்படிக்கு,
பவளம்


ஸ்ரீரங்கம்
10-6-1959

அன்பு மகள் பவளத்துக்கு,

நான் நலம். நீ எழுதிய கார்டு இன்று காலை பத்து மணிக்கு வந்தது. எழுத்து குண்டு குண்டாக நன்றாக இருக்கிறது.

நீ ஐந்து கேள்வி கேட்டிருக்கிறாய். மரகதம் என் வகுப்பில் படிக்கிற பெண். உன்னைவிட ஒரு வயது பெரியவள். இப்போது அடிப்பதில்லை. எப்போதாவது கிள்ளுவாள். அவள் அம்மா இறந்துவிட்டார். அப்பா துவாக்குடியில் வண்டி ஓட்டுகிறார்.

சொல்லாமல் போனதற்குக் காரணம், சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயந்ததுதான். நீ தூங்குகிறாய், உனக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது தப்பு. நீ அவ்வளவு தூரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியாது. பஸ்ஸில் நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு வருஷமாக உன்னைப் பற்றி மாமாவுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. இதற்குக் காரணம் கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

இனிமேல் கடிதம் உன் பெயருக்குத்தான் வரும். நீ படித்து மாமாவுக்கும் அம்மாவுக்கும் சொல்லு. முதல் வருஷம் முடிந்துவிட்டதால் மாதம் ஒரு முறை வெளியே போக எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. ஜூலை நான்காம் தேதி சனிக்கிழமை வருகிறேன். ஞாயிறு சாயங்காலம் திரும்ப வேண்டும். அன்று நீ பஸ் ஸ்டாண்டு வரை என்னோடு நடந்து வா. உன்னிடம் சொல்லிவிட்டு ஏறுகிறேன்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கத்து அம்மா